ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: படிப்பின் பெயரை நம்பிப் போகாதீர்கள்

மூன்று வார லீவில் கோத்தகிரிக்கு வந்திருக்கிறேன். வந்த மறுநாளிலிருந்து தினம் யாராவது ஒரு பிள்ளை ஆஃபர் லெட்டரோடு வீட்டு வாசலில் நிற்கிறது. கட்டபெட்டு, அரவேனு, குன்னூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, இந்த யுனிவர்சிட்டி நல்லதா?" அதைக் கேட்காதே, நீ ஆசைப்படுகிற பாடம் அங்கே எந்த மொழியில், எப்போது நடக்கும் என்று கேள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். ஜெர்மனிக்குக் கிளம்பப் போகிறவர்களுக்கு மட்டுமில்லை, போய் இறங்கி இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்காதவர்களுக்கும் இது உதவும்.

ஆபீஸ் வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் படித்தவர்களுக்கு, நம் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருகிற ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். நான் போன 2021ல் அது இல்லை. பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூனி-அசிஸ்ட் தளம் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டருக்கு அடுத்தடுத்துப் போடுவதற்குத் தலா 30. ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்பே போட்டுப் பூட்டி வைக்கிற பிளாக்டு அக்கவுண்டில் இப்போது 11,904 யூரோ காட்ட வேண்டும், அது மாதம் 992 ஆகக் கைக்கு வரும். நான் காட்டியது 10,332. அங்கே போய் வீடு கிடைத்ததும் இரண்டு வாரத்துக்குள் ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் அந்த ஆபீஸுக்குப் போகாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000. வேலைக்குப் போய்விட்டுத் தாமதமாகப் படிக்கப் போகிறவர்கள் வயதையும் கணக்கில் வையுங்கள். மாணவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுச் சலுகை 30 வயதோடு முடிந்துவிடும்.

குளிரைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். ஜனவரி விடியலில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஸ்வெட்டரும் குல்லாவும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயந்திரம் நாலரைக்கே இருட்டிவிடும் டிசம்பர்தான் எனக்குத் தாங்கவில்லை. படுகர்களின் எத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளைத் துணி உடுத்திப் பேரகணிக்குப் போகிற கூட்டத்தைத் தோழி வீடியோ எடுத்து அனுப்பினாள். அதை லைப்ரரியில் உட்கார்ந்து பார்த்து அழுதிருக்கிறேன்.

இனி என் கதை. 2009 நவம்பரில் நான் ஏழாம் வகுப்பு. அந்த மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எங்கள் தெருவுக்கு மேலே இருந்த தேயிலைச் சரிவு ஒரே ராத்திரியில் ரோட்டில் வந்து கிடந்தது. அதை ஒட்டியிருந்த இன்னொரு சரிவு அப்படியே நின்றது. அது ஏன் விழுந்தது, இது ஏன் நின்றது என்று அன்றைக்கு மனதில் விழுந்த கேள்விதான் என்னைக் கோவையில் சிவில் படிக்க வைத்தது. மலைச்சரிவும் இயற்கைச் சீற்றமும் பெயரிலேயே இருந்த ஒரு மாஸ்டர்ஸைப் பார்த்ததும் எனக்கென்றே வைத்த படிப்பு என்று நினைத்தேன். பயிற்று மொழி ஆங்கிலம் என்று போட்டிருந்தது. ஃபீஸ் இல்லை. கன்சல்டன்சியில் "நல்ல ரேங்க் மேடம், யோசிக்காதீங்க" என்றார்கள். நானும் யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டிய எல்லாம் 140 பக்க பி.டி.எஃப். ஒன்றில் இருந்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் மொடூல்ஹான்ட்புக். ஒவ்வொரு படிப்புக்கும் ஒன்று உண்டு.

அதை நான் திறக்காததற்குக் காரணம் நம் ஊர்ப் பழக்கம். இங்கே யுனிவர்சிட்டி ஒரு ரெகுலேஷன் போடும். முதல் செமஸ்டரிலிருந்து கடைசி வரை என்ன பேப்பர் என்பது அதிலேயே முடிவாகியிருக்கும். எலக்டிவ் என்று பத்து பெயர் அச்சிட்டிருந்தாலும் டிபார்ட்மென்ட் நடத்துகிற ஒன்றைத்தான் மொத்த வகுப்பும் எடுக்கும். அங்கே 120 கிரெடிட்டையும் நாமே தேடிக் கட்ட வேண்டும். எந்தப் பாடம், எந்த மொழியில், எந்த செமஸ்டரில், எதை முடித்தவருக்கு என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கும். வகுப்பில் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

என் அட்மிஷன் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 12 கிரெடிட் ஆவ்ஃப்லாகன், முதல் இரண்டு செமஸ்டருக்குள். ஆவ்ஃப்லாகன் என்றால் நிபந்தனைப் பாடங்கள். நம் இளநிலைப் படிப்பில் ஏதோ குறைகிறது என்று அவர்கள் நினைத்தால், அவர்களுடைய இளநிலை வகுப்பில் போய் உட்கார்ந்து அதை முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். நம் சிவிலில் எஞ்சினியரிங் ஜியாலஜி ஒரே ஒரு பேப்பர். அவர்களுக்கு அது போதவில்லை. 12 கிரெடிட் என்றால் இரண்டு பேப்பர், எழுதிவிடலாம் என்று நினைத்தேன். இளநிலை வகுப்புகள் முழுக்க ஜெர்மன் மொழியில் நடக்கும் என்பது அக்டோபரில் முதல் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு வந்தது ஏ1 ஜெர்மன். ரொட்டி வாங்க அது போதும். பாறைப் பிளவைப் பற்றி ஒன்றரை மணி நேரம் நடக்கிற வகுப்புக்கு அது எங்கே போதும்?

அதோடு நிற்கவில்லை. நான் எதற்காகக் கடல் தாண்டிப் போனேனோ அந்த மலைச்சரிவுப் பாடத்துக்கு முன்தேவை அதே ஜியாலஜிதான். அந்தப் பாடமும் குளிர்கால செமஸ்டரில் மட்டும் நடக்கும். ஜியாலஜியை முதல் தடவை எழுதினேன், போயிற்று. இரண்டாம் தடவையும் போயிற்று. அரியர்தானே, அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் என்கிற நம் ஊர்த் தைரியத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான இடங்களில் மூன்று வாய்ப்புத்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவதும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். பிறகு அந்த நாட்டில் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் சேர முடியாது. தேர்வுக்கு நாமே ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்துவிட்டு, விலகும் தேதியையும் தவறவிட்டு, போகாமல் இருந்தால் அதுவும் ஒரு தோல்விக் கணக்கு.

மூன்றாவது தடவைக்கு முந்தின நான்கு மாதம் நான் வேறெதுவும் படிக்கவில்லை. ஜெர்மன் மட்டும்தான். பேராசிரியரிடம் போய்க் காலக்கெடுவை நீட்டித்து வாங்கினேன். கடைசியில் பாஸ் ஆனேன். ஆனால் அதற்குள் ஒரு குளிர்காலம் போய்விட்டது. மலைச்சரிவுப் பாடத்துக்கு அடுத்த குளிர்காலம் வரை காத்திருந்தேன். இரண்டு வருடப் படிப்பு மூன்றாகிவிட்டது.

அந்த ஒரு வருடம் யார் தலையில் விழுந்தது தெரியுமா? அப்பாவின் ஒன்றரை ஏக்கர் தேயிலை கூட்டுப் பட்டாவில் இருப்பதால் பாங்கில் அடமானத்துக்கு எடுக்கவில்லை. அம்மாவின் நகையும் மாமாவின் ஜாமீனும்தான் என்னை அனுப்பி வைத்தன. பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாயைத் தொடாத மாதங்கள் அவை. விசாவை நீட்டிக்க மறுபடி பணம் காட்ட வேண்டும். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாத்தா இலங்கையின் பதுளைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தவர். நான் வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த எரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே ஆஃபரை ஏற்பதற்கு முன் ஹான்ட்புக்கை இறக்குங்கள். எந்தப் பாடத்துக்காகப் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக்கு நேராகப் போங்கள். அங்கே "ஷ்ப்ராக" என்ற இடத்தில் "டாய்ச்" என்று இருந்தால் ஜெர்மன் மொழியில் நடக்கும் என்று பொருள், படிப்பின் முகப்பில் ஆங்கிலம் என்று என்ன கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் சரி. "டுர்னுஸ்" என்ற இடத்தில் எத்தனை செமஸ்டருக்கு ஒருமுறை நடக்கும் என்று இருக்கும். "ஃபோராவுஸ்செட்சுங்கன்" என்பது முன்தேவை. இந்த மூன்றையும் வைத்து ஒரு தாளில் நான்கு செமஸ்டருக்கும் கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள். கட்டத்தில் அடங்கவில்லை என்றால் இரண்டு வருடத்தில் முடியாது. ஹான்ட்புக் ஜெர்மன் மொழியில் மட்டும் இருந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை. மொழிபெயர்க்கும் ஆப் கொண்டாவது வாசித்துவிடுங்கள்.

இன்னொன்று. விண்ணப்பிக்கும்போது வெறும் மார்க் ஷீட்டை அனுப்பாதீர்கள். நீங்கள் படித்த ஒவ்வொரு பேப்பருக்கும் சிலபஸும் மணிக்கணக்கும் இருக்கிற பக்கங்களைக் காலேஜில் சீல் வாங்கி இணைத்து அனுப்புங்கள். கன்சல்டன்சி என்னுடையதை அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. சர்வே கேம்பில் பார்த்த பாறைகளும் சாயில் மெக்கானிக்ஸில் படித்ததும் ஜியாலஜிக் கணக்கில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். ஏற்கனவே போய்ச் சேர்ந்து, லெட்டரில் ஆவ்ஃப்லாகன் இருப்பவர்கள் முதல் வாரமே அந்த சிலபஸோடு தேர்வுக் குழுவுக்கு எழுதுங்கள். என்னோடு படித்த ஒரு பெண்ணுக்கு 12ல் 6 கிரெடிட்டைக் குறைத்துவிட்டார்கள். கேட்டதால் கிடைத்தது.

கன்சல்டன்சி ஃப்ரீ என்றால் அவர்களுக்குக் காசு வேறெங்கிருந்தோ வருகிறது. பெரும்பாலும் தனியார் கல்லூரிகளின் கமிஷன். அப்படி ஒரு கல்லூரியைக் காட்டினால், ஜெர்மன் பல்கலைக்கழகங்களைப் பட்டியலிடுகிற ஹோக்ஷூல்கொம்பாஸ் தளத்தில் அதன் பெயரைத் தேடி, அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்து போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: 2024 ஜனவரியிலிருந்து வகுப்பு வழி மாஸ்டர்ஸ் படிக்கிறவர்கள் கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துப்போக முடியாது. கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்கிற வீடுகளில் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

நேற்று முன்தினம் அரவேனுவிலிருந்து ஒரு தம்பி வந்தான். நீர்வளப் படிப்பு, இரண்டு ஆஃபர் கையில். அடுப்படியில் உட்கார்ந்து வரமிளகாய் போட்ட அவரைக் குழம்போடு சோறு சாப்பிட்டபடியே முதல் ஹான்ட்புக்கைத் திறந்தோம். அவன் ஆசைப்பட்ட நிலத்தடி நீர்ப் பாடம் 87ஆம் பக்கத்தில் இருந்தது. மொழி ஆங்கிலம், வருடம் ஒருமுறை. எனக்கே சந்தோஷமாக இருந்தது. இருந்தாலும் அந்தப் பாடத்தை யார் நடத்துவார், அடுத்த குளிர்காலத்தில் நடக்குமா என்று படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு அங்கேயே ஒரு மெயில் போடச் சொன்னேன். இன்று காலை பதில் வந்துவிட்டது. பேராசிரியர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறாராம், அவர் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லையாம்.

இரண்டாவது ஆஃபரின் ஹான்ட்புக்கை அவன் வீட்டில் உட்கார்ந்து தானாகவே வாசித்துக்கொண்டிருக்கிறான். இதை எழுதும்போதே இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

"அக்கா, 43ஆம் பக்கத்துல டுர்னுஸ்ல 'ஊன்ரேகல்மேஸிக்'னு போட்டிருக்கு. அப்படின்னா?"

"எப்ப நடத்துவோம்னு அவங்களுக்கே தெரியாதுன்னு அர்த்தம் தம்பி. அதைக் கட்டத்துல போடாத. அடுத்த பாடத்தைப் பாரு."