சிறிய கப்பலில் எந்த கேபின் எடுக்கலாம்?

அண்டார்டிகா போகும் சிறிய பயணக் கப்பலில் இடம் பிடிக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவாக்கில் உள்ள கேபினைக் கேளுங்கள். பெரும்பாலும் கட்டணமும் அங்கேதான் குறைவு, ஆட்டமும் அங்கேதான் குறைவு. அலையில் கப்பல் சீசா பலகை மாதிரி நடுப்பகுதியை மையமாக வைத்துத்தான் ஏறி இறங்கும். முனையில் இருப்பவரைத் தூக்கித் தூக்கிப் போடும். நடுவில் இருப்பவருக்கு டம்ளர் தண்ணீர் தளும்புவதோடு சரி. உயரே போகப் போகப் பக்கவாட்டு ஊசலும் கூடும். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்கவே ஏறக்குறைய 2 நாள். அந்த 2 நாளும் வாந்தியோடு சுருண்டு கிடந்தால் பால்கனி எதற்கு?

கீழே வட்ட ஜன்னல்தான் கிடைக்கும். கடல் கொந்தளித்தால் அதையும் உலோக மூடி போட்டு அடைத்துவிடுவார்கள். இன்ஜின் அறையை ஒட்டிய கேபின் மட்டும் வேண்டாம், இரைச்சல் தூங்க விடாது. பணம் கட்டுமுன் தள வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவு வரை விமானத்தில் போய் அங்கே கப்பல் ஏறுகிறவர்களுக்கும், ஃபியோர்டுக்குள்ளேயே (மலைகளுக்கு நடுவே நுழையும் ஒடுங்கிய கடல் பகுதி) சுற்றும் பயணங்களுக்கும் இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே தண்ணீர் பெரும்பாலும் அமைதி. காட்சிக்காக மேல்தளத்தையே எடுக்கலாம்.