பத்மநாபபுரம் அரண்மனைக்கு வேன் பிடிக்காதீர்கள்

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறப்பார்கள். 1 முதல் 2 வரை மதிய இடைவேளை, 4.30-க்கு டிக்கெட் நின்றுவிடும். நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறித் தக்கலையில் இறங்கினால் ஆட்டோவுக்கு இரண்டு கிலோமீட்டர்தான்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்தவர்களுக்கு இந்தப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சொந்தக்காரர்கள். "மக்கா, எல்லாருமா ஒரு வேன் பிடிச்சிருவோம்" என்று சித்தப்பா சொன்னதுமே அந்த நாள் உங்கள் கையில் இல்லை. கன்னியாகுமரியில் சூரிய உதயம், சுசீந்திரம், வழியில் யார் வீட்டிலோ காப்பி, வர மாட்டேன் என்ற மைனியைக் கெஞ்சிக் கூட்டிவர அரைமணி நேரம். தக்கலை சேரும்போது மணி 12.40. பாதி பேர் செருப்பைக் கழற்றுவதற்குள் இடைவேளை வந்துவிடும். சாப்பிட்டுத் திரும்பினால் மூன்று. மாடிப்படி செங்குத்து, வாசல்கள் தாழ்வு, முட்டுவலிக்காரர்கள் கீழேயே உட்கார்ந்து "முடிஞ்சுதா?" என்று போன் அடிப்பார்கள். வாடகை, டிக்கெட், சாப்பாடு எல்லாம் உங்கள் செலவு. பங்கு கேட்கவும் முடியாது, ஊரில் இல்லாத வருஷங்களுக்கு வேறெப்படிக் கணக்குத் தீர்ப்பது? வேனுக்கு ஒரு நாளைக் கொடுத்துவிடுங்கள். அரண்மனைக்கு மறுநாள் தனியாகக் கிளம்பி, ஒன்பது மணிக்கே வாசலில் நில்லுங்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் கட்டணம் கூடுதல். ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான) அட்டைக்காரர்களுக்கு இந்தியர் கட்டணம்தான் என்பது மத்திய அரசு விதி. அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தாலும் கொட்டாரம் (அரண்மனை) மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருப்பதால் விளக்கங்களில் மலையாளம் தூக்கலாக இருக்கும்.

முகப்பு மண்டபமான பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கையும் கூரையின் மரப்பூக்களையும் பார்த்துவிட்டு ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்கு ஏறுங்கள். ஜன்னல்களில் நிற அப்ரகத் (மைக்கா) தகடுகள். தரையைக் குனிந்தே பாருங்கள்: சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது, இன்றும் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. வெறுங்காலுக்கு அந்தக் குளிர்ச்சியே தனி. சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையில் சீனபரணிகள் (பெரிய ஜாடிகள்) வரிசை.

தெற்குக் கொட்டாரத்துப் பழைய வீட்டுச் சாமான்களையும் அருங்காட்சியகத்தின் கல்வெட்டுகளையும் எல்லாரும் கடைசியில் ஓட்டமாய்ப் பார்ப்பார்கள். அதற்கென்று முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

நேரம் மிஞ்சினால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போருக்குப்பின் பிடிபட்டு, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையையே பயிற்றுவித்த டச்சுக் கம்பெனியின் டிலனாய் கல்லறை அங்கேதான். நாகர்கோவில் ரோட்டிலேயே இருப்பதால் திரும்பும்போது இறங்கிக்கொள்ளலாம்.