கேசிங் ஆட்டத்தைப் பார்த்துப் படிப்பது எப்படி

நான் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லித்தருகிறேன். மஞ்சள் பெல்ட்டைத் தாண்டியவர்களுக்கு முதல் வீட்டுப்பாடமாக ஒரு பழைய ஆட்டத்தைத்தான் கொடுப்பேன்: 1964 டோக்கியோ ஒலிம்பிக், எடை வரம்பில்லாத ஓபன் பிரிவின் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துக்காரர் ஆன்டன் கேசிங். எதிரே ஜப்பானின் அகியோ கமினாகா. உருவத்தால்தான் கேசிங் ஜெயித்தார் என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆட்டத்தைச் சரியாகப் பார்த்தால் உங்களுக்கும் அது தெரியும்.

முதலில் சூழலைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரங்கத்தின் பதற்றம் புரியாது. ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்தது அந்த வருடம்தான். ஜப்பானில் பிறந்த விளையாட்டு, ஜப்பானிலேயே போட்டி, அதற்கென்றே கட்டிய நிப்பான் புடோகான் அரங்கம். நான்கு பிரிவுகளில் மூன்று தங்கம் ஏற்கெனவே ஜப்பானுக்குப் போய்விட்டது. அக்டோபர் 23-ம் தேதி மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான். மூன்று வருடம் முன்பு, 1961-ல், எடைப் பிரிவே இல்லாத பாரிஸ் உலகப் போட்டியில் நடப்புச் சாம்பியன் கோஜி சோனேயை வீழ்த்தி, பட்டம் வென்ற முதல் ஜப்பானியர் அல்லாதவராக ஆனவர் கேசிங். ஆக, எதிரே நிற்பவர் யார் என்று அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். கிடைப்பது முழுப் பதிவோ துண்டோ, முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இருவருமே வெள்ளை உடையில் இருப்பார்கள், குழம்ப வேண்டாம்: உயரமானவர் கேசிங். அவர் 1.98 மீட்டர், கமினாகா அவரைவிட ஏறக்குறைய 20 செ.மீ. குறைவு. (இன்று ஒருவர் நீல உடையில் வருகிறாரே, அந்த யோசனையை முன்வைத்து விடாமல் வாதாடியவரும் இதே கேசிங்தான்.) இந்த முதல் முறை கால்களை மட்டும் கவனியுங்கள். அவ்வளவு பெரிய மனிதர் எவ்வளவு சின்ன அடி வைத்து நகர்கிறார் என்பதுதான் பார்க்க வேண்டியது.

இரண்டாம் முறை நேராக முடிவுக்குப் போங்கள். ஆட்டம் முடிந்தது 9 நிமிடம் 22 வினாடியில். கமினாகா தாக்க வருகிறார், அது பலிக்கவில்லை, இருவரும் தரைக்கு வருகிறார்கள். அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கேசிங் ஒரு கணம்கூடச் சும்மா இருப்பதில்லை. கீழே வந்த வேகத்திலேயே கேசா கடாமே என்ற அமுக்குப்பிடிக்குள் போய்விடுகிறார். அன்றைய விதிப்படி ஜெயிக்க அந்தப் பிடியை 30 வினாடி விடாமல் வைத்திருக்க வேண்டும். இன்று 20 வினாடி போதும்.

இதை உடம்பால் படிக்காமல் கண்ணால் மட்டும் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் எடையே உள்ள ஒருவரை ஜூடோ விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைத்து, அவருடைய வலது பக்கம் உட்காருங்கள். உங்கள் வலது கை அவர் கழுத்தைச் சுற்றிப் போகட்டும். இடது கையால் அவருடைய வலது கைச் சட்டையைப் பிடித்திழுத்து, அந்தக் கையை உங்கள் இடது அக்குளில் இறுக்கிக்கொள்ளுங்கள். வலது கால் முன்னால், இடது கால் பின்னால், நன்றாக அகட்டி. இடுப்பு தரையை விட்டு எழக் கூடாது, தலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் விரிப்பையோ உங்கள் உடம்பையோ இரண்டு முறை தட்டினால் அந்த நொடியே விட்டுவிடுங்கள், இதில் விளையாட்டே வேண்டாம்.

அப்புறம் கீழே இருப்பவரைத் திமிறச் சொல்லுங்கள். அவர் பாலம் போல் எழும்பி உங்களைத் தன் மேலாகப் புரட்டிவிடப் பார்ப்பார், அல்லது உங்கள் பின்காலைத் தன் கால்களால் சிக்கவைக்கப் பார்ப்பார். பாரத்தை மட்டும் நம்பி அவர் மேல் சாய்ந்து கிடந்தால் புரண்டுவிடுவீர்கள். அவர் நகரும் திசையில் நீங்களும் காலை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்து பார்த்த பிறகு மறுபடி அந்தப் பதிவைப் போடுங்கள். கீழே இருப்பவர் தேசமே நம்பியிருந்த வீரர். அவரை 30 வினாடி அப்படி வைத்திருக்க எடை மட்டும் போதாது என்று உங்கள் தோளும் இடுப்புமே சொல்லிவிடும்.

பதிவை அங்கே நிறுத்திவிடாதீர்கள். வெற்றி அறிவித்ததும் நெதர்லாந்து ரசிகர்கள் விரிப்பை நோக்கி ஓடி வருகிறார்கள். கேசிங் கையை நீட்டி அவர்களைத் தடுக்கிறார். எதிராளிக்கு வணக்கம் சொல்லி முடிக்காமல் கொண்டாட்டம் கிடையாது. வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி கைக்கு வந்த அந்த நொடியிலும் அவருக்கு அது தோன்றியது. என் மாணவர்களிடம் இந்த இடத்தைத்தான் அதிகம் போட்டுக் காட்டுகிறேன்.

பட்டங்களின் கணக்கைக் கடைசியில் பார்த்தால் போதும்: 1952 முதல் 1967 வரை 21 ஐரோப்பியப் பட்டங்கள், 1965-ல் ரியோவில் இன்னொரு உலகப் பட்டம். 1956 உலகப் போட்டியில் கிடைத்தது வெண்கலம்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1961-க்கு முன் ஐந்து வருட உழைப்பு இருக்கிறது.

அடுத்து எதைப் பார்ப்பது என்று கேட்டால், 1972 மியூனிக். இன்னொரு நெதர்லாந்துக்காரர், விம் ருஸ்கா, ஹெவிவெயிட், ஓபன் இரண்டிலும் ஒரே ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்தார். அதையும் முதல் முறை சத்தமில்லாமல், கால்களிலிருந்தே தொடங்குங்கள்.