மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரிக்கரை வானிலையை வாசிப்பது எப்படி? (கத்தரிக் கன்று வைப்பவர்களுக்கு)

மூன்று வருடங்களுக்கு முன்னர், மே நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை. கைபேசி 21 பாகை என்றது. மார்ச்சிலிருந்து யன்னலோரம் வைத்து வளர்த்த கத்தரி, மிளகாய்க் கன்றுகளையும் கறிவேப்பிலைச் சாடியையும் பின்வளவில் இறக்கி வைத்துவிட்டு, ஏரியிலிருந்து தள்ளி வடக்கே இருக்கும் மார்க்கம் பக்கம் மரக்கறி வாங்கப் போனேன். அங்கே வியர்த்துக் கொட்டியது. மூன்று மணிக்கு வீடு திரும்பினால் எங்கள் வளவில் ஜக்கெற் இல்லாமல் நிற்க முடியவில்லை. சுவரில் தொங்கிய வெப்பமானியில் 10. அடுத்த இரண்டு நாளும் இதே கதை. கறிவேப்பிலை மொட்டையாகிவிட்டது. மிளகாய் ஜூலை வரைக்கும் ஓரங்குலம்கூட உயரவில்லை.

எங்கள் வீடு ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில், கிங்ஸ்டன் வீதிக்குத் தெற்கே. ஏரியை ஒட்டிய பிளஃப்ஸ் மேடு நடை தூரம். முன்னறிவிப்பில் பிழை இல்லை, நான் வாசித்த விதம்தான் பிழை என்று விளங்க எனக்கு இரண்டு மே மாதம் எடுத்தது. செயலியை எப்படி இறக்குவது என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

படி 1: மாத வரைபடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு விடுங்கள்

கனடா அரசின் வானிலைச் சேவையான என்வயர்மென்ட் கனடா வெளியிடும் மாத, பருவகால வரைபடங்களில் ஒன்ராறியோ சிவப்பாக இருந்தால் உடனே 'இந்த முறை நல்ல வெயிலாம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். அந்த நிறம் எத்தனை பாகை என்று சொல்வதில்லை. வழமையைவிடச் சூடு, வழமை, வழமையைவிடக் குளிர் என்ற மூன்றில் எதன் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 33 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆகவே 40 என்றால் சின்னச் சாய்வு, அவ்வளவுதான். விதை எப்போது போடலாம் என்று யோசிக்க இது உதவும். கன்று நடும் நாளை இதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

படி 2: எந்த இடத்து வெப்பநிலை என்று பாருங்கள்

'ரொறன்ரோ' என்று காட்டும் இப்போதைய வெப்பநிலைக்குக் கீழே, அதை எங்கே அளந்தார்கள் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் பியர்சன் விமான நிலையம். அது ஏரியிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் உள்ளே இருக்கிறது. கரையோரம் இருப்பவர்கள் 'ரொறன்ரோ ஐலண்ட்' நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதப் பிற்பகலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நகரமா என்று சந்தேகம் வரும்.

படி 3: காற்றின் திசை (நான் விழுந்த குழி இதுதான்)

ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்த கடற்காற்று, தரைக்காற்று நினைவிருக்கிறதா? அதே சங்கதிதான். பகலில் தரை சூடேற, அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்ப ஏரியிலிருந்து குளிர்காற்று உள்ளே வரும். ஊரில் அந்தக் காற்று சுகமாக இருக்கும், ஏனென்றால் நம் கடல் வெதுவெதுப்பானது. ஒன்ராறியோ ஏரி மே மாதத்தில் பனிக்கட்டித் தண்ணீர் மாதிரி. நடு ஏரியில் 4, 5 பாகைதான் இருக்கும். சராசரி ஆழமே 86 மீற்றர். நன்னீர் 4 பாகையில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் அந்த அளவை எட்டும்வரை மேலே சூடான தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், மேற்பரப்பு லேசில் சூடேறாது. ஈரி ஏரிக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அதன் சராசரி ஆழம் 19 மீற்றர்தான், சீக்கிரம் சூடேறிவிடும்.

இனிச் செய்ய வேண்டியது. படங்களை விட்டுவிட்டு எழுத்தில் இருக்கும் முன்னறிவிப்பைத் திறவுங்கள். 'ஹை 20, எக்செப்ட் 13 நியர் லேக் ஒன்ராறியோ' (உச்சம் 20, ஏரிக்குப் பக்கத்தில் மட்டும் 13) என்று ஒரு வால் இருந்தால், நமக்கு அந்த வால்தான் முன்னறிவிப்பு. வால் இல்லாவிட்டால் காற்றைப் பாருங்கள். காலையில் காற்று அடங்கியிருந்து பிற்பகலில் தெற்கு, தென்கிழக்கு அல்லது கிழக்கு என்றிருந்தால் மதியத்துக்குப் பிறகு குளிரும். வடமேற்கிலிருந்து பலமாக அடித்தால் ஏரிக்காற்று உள்ளே வர முடியாது, கரையிலும் வெயில் உறைக்கும். ஊரில் சோளகம், வாடை என்று காற்றுக்குப் பெயர் வைத்து வாழ்ந்தவர்கள் நாங்கள். இங்கே வந்து சூரியன் படத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறோம்.

கருவி என்று கேட்டால் என் தெரிவு என்வயர்மென்ட் கனடாவின் செயலியான வெதர்கேன். கைபேசியோடு வரும் செயலிகள் முழு நகரத்துக்கும் ஒரே எண்ணைத் தந்துவிட்டுப் போய்விடுகின்றன. அதோடு உச்சமும் தாழ்வும் பதியும் வெப்பமானி ஒன்று வாங்கி நிழலில் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் குறித்து வைத்தாலே பியர்சனுக்கும் உங்கள் வளவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பிடிபட்டுவிடும்.

படி 4: இரவில் கணக்கு தலைகீழ்

பகலில் குளிர வைக்கும் அதே ஏரி இரவில் கரையோரத்தைக் காப்பாற்றும். உறைபனி முதலில் விழுவது மார்க்கம், ஸ்டூவில் பக்கம், அதிலும் பள்ளமான வளவுகளில். வானம் தெளிந்து, காற்றும் அசையாமல் இருந்தால் கவனம். முன்னறிவிப்பில் வரும் எண் ஆளின் நெஞ்சுயரத்துக் காற்றுக்கு உரியது, நிலத்தோடு இருக்கும் இலை அதைவிடக் குளிர்ந்துவிடும். ஆகவே 3 என்று போட்டிருந்தாலும் மூடிவிடுங்கள். பொலித்தீன் வேண்டாம், அது பட்ட இடத்தில் இலை கருகும். பழைய பருத்திச் சேலை போதும். அம்மா திட்டுவார், பரவாயில்லை.

படி 5: விக்ரோறியா நாளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்

மே 25க்கு முந்திய திங்கட்கிழமைதான் அந்த விடுமுறை. அதற்குப் பிறகு நடலாம் என்பது இங்கத்தைய வழக்கம். தக்காளிக்குச் சரி. கத்தரி, மிளகாய், பாவற்காய்க்கு இரவு வெப்பநிலை தொடர்ந்து 10க்கு மேல் நிற்க வேண்டும். கரையோரத்தில் அது பெரும்பாலும் ஜூன் முதல் வாரம்.

அந்த வார இறுதியில் இடிமழையையும் மறக்க வேண்டாம். 2022 மே 21, விடுமுறைச் சனிக்கிழமை, தெற்கு ஒன்ராறியோவைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போன புயல்வரிசை ஒட்டாவா வரை மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது, உயிர்களும் போயின. அப்படியானதை ஏழு நாள் பட்டியல் காட்டாது. அன்று காலையில் எச்சரிக்கையைப் பாருங்கள், மதியத்தில் ராடரை (மழை எங்கே நகர்கிறது என்று காட்டும் படத்தை) பாருங்கள்.

பிற்சேர்க்கை 1: பிராம்ப்டனிலிருந்து ஒருவர், 'எங்களுக்கு ஏரிக்காற்றே வராதே' என்று எழுதியிருந்தார். வந்தாலும் மாலையில்தான் வரும், அதற்குள் பாதிச் சூடும் ஏறியிருக்கும். நீங்கள் படி 3ஐ விட்டு நேரே படி 4க்குப் போகலாம்.

பிற்சேர்க்கை 2: இது என் தவறு. சென் கத்தரின்ஸில் இருக்கும் ஓர் அக்கா, 'தெற்குக் காற்றுக்குப் பயந்து கன்றுகளை உள்ளே வைத்தேன், அன்று நல்ல வெயில்' என்று எழுதினார். அவருக்கு ஏரி வடக்கே இருக்கிறது! நான் ஸ்காபரோவை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன். திசையை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் வளவில் நின்று ஏரி எந்தப் பக்கம் என்று பாருங்கள், அந்தப் பக்கத்திலிருந்து வரும் காற்றுதான் குளிர்காற்று. அவருக்கு அது வடக்கு, வடகிழக்கு. ஹமில்டனில் கிழக்கு, வடகிழக்கு. மேலே தெற்கு, தென்கிழக்கு என்று சொன்னது ரொறன்ரோவிலிருந்து ஏஜக்ஸ் வரையுள்ள வடகரைக்கு மட்டும்தான்.