பழைய அனிமேஷன் படங்களுக்கு நல்ல டிஸ்க் தேர்ந்தெடுப்பது எப்படி?

கையால் வரைந்த பழைய படங்களை வீட்டில் பார்க்க விரும்புகிறவர்கள், அட்டையில் உள்ள "புதுப்பிக்கப்பட்டது" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஓவியர் போட்ட கோடு அந்த டிஸ்க்கில் மிச்சமிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

1. பின்னட்டையில் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். டிவிடிக்கு இந்தியா 5-ம் மண்டலம், அமெரிக்கா 1. ப்ளூ-ரேவுக்கு இந்தியா சி, அமெரிக்கா ஏ. பொருந்தாத டிஸ்க் சாதாரண பிளேயரில் ஓடாது. ப்ளூ-ரேயைவிடக் கூர்மையான 4கே யுஎச்டி டிஸ்க்குக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அதற்கென்றே தயாரித்த பிளேயர் வேண்டும்.

2. டிவிடி என்றால் 'பால்' (PAL) வகையா, 'என்டிஎஸ்சி' (NTSC) வகையா என்று கவனியுங்கள். இவை நாட்டுக்கு நாடு மாறும் இரண்டு டிவி முறைகள். நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) உள்ள சினிமாவை 'பால்' டிவிடியில் பெரும்பாலும் 25 ஃபிரேமாக ஓட்டுவார்கள். 83 நிமிட 'ஸ்னோ ஒயிட்' 80 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாடல்களின் சுருதியும் லேசாக ஏறலாம். ப்ளூ-ரேயில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

3. படச் சட்டத்தின் அளவு. 1950 வரை வந்த படங்கள் ஏறக்குறைய சதுரமானவை (1.37:1). இன்றைய டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். அதை மறைக்க ஜூம் செய்தால் தலையும் காலும் வெட்டுப்படும். 'ஸ்லீப்பிங் பியூட்டி' (1959) நேர்மாறு, மிக அகலமான படம். அதன் பழைய வீடியோ கேசட்டில் பக்கவாட்டு ஓவியம் நிறையப் போய்விட்டது.

4. இந்தப் படிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஃபிலிமில் கிரெய்ன் என்ற பொடித் துகள் இயல்பாகவே இருக்கும். அதை அழுக்கென்று நினைத்து மென்பொருளால் துடைக்கும்போது மெல்லிய கோடுகளும் சேர்ந்து அழிகின்றன. 'சிண்ட்ரெல்லா'வின் (1950) 2012 ப்ளூ-ரேயில் உடை மடிப்புக் கோடுகள் பல இடங்களில் மங்கிப்போயின. அந்தக் கோடுகள் ஒவ்வொன்றையும் ஒரு கலைஞர் செல்லுலாய்டு தாளில் மையால் இழுத்திருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த உழைப்பு துடைக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2023-இல் வந்த 4கே பதிப்பில் கோடுகளும் நிறமும் திரும்பக் கிடைத்தன, அதைத் தயங்காமல் வாங்கலாம்.

வாங்குவதற்கு முன், விமர்சனத் தளங்களில் இரண்டு பதிப்புகளின் ஒரே காட்சியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூந்தல், விரல், உடை மடிப்பு, இந்த மூன்றும் போதும். முகம் மெழுகுபோல வழவழவென்று இருந்தால் அந்தப் பதிப்பை விட்டுவிடுங்கள். 1961-இன் 'நூற்றியொரு டால்மேஷியன்கள்' முதல் டிஸ்னி நிறுவனத்தார் பென்சில் கோட்டையே ஜெராக்ஸ் முறையில் செல்லுலாய்டு தாளில் நேராகப் பதித்தார்கள். அந்தக் காலப் படங்களில் கோடு சொரசொரப்பாக இருப்பதே சரி.

5. ஆடியோ மெனுவில் 'மோனோ' (ஒரே தடத்தில் பதிந்த ஒலி) இருந்தால் அதையே வையுங்கள். பழைய படங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் திரைக்கு வந்தன.

6. கடைசியாக டிவி. பல காட்சிகளில் ஒரே ஓவியம் இரண்டு ஃபிரேமுக்கு நிற்கும். நொடிக்கு 12 ஓவியம். டிவியின் 'மோஷன் ஸ்மூத்திங்' நடுவில் யாரும் வரையாத ஃபிரேம்களைச் செருகும். பிக்சர் செட்டிங்ஸில் அதை அணைத்துவிட்டு 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடில் வையுங்கள்.