பெயருள்ள ஃபங்ஷன், பெயரில்லாத ஃபங்ஷன்: ஆத்தங்குடி கல் கணக்கோடு ஒரு செய்முறை

வலைப்பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத் தொடங்கியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. ஃபங்ஷன் என்றால், கொடுத்ததை வாங்கி ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டு. ஒரே வேலையைச் செய்யும் ஃபங்ஷனுக்கு ஓரிடத்தில் பெயர் இருக்கிறது, இன்னோரிடத்தில் இல்லை. எப்போது எதை எழுதுவது? காரைக்குடிப் பக்கம் வீடு கட்டும் பலரும் போடும் கணக்கு ஒன்றை வைத்தே பார்த்துவிடலாம்: தரைக்கு எத்தனை ஆத்தங்குடி கல் வேண்டும்?

எந்த மென்பொருளும் நிறுவ வேண்டாம். குரோமில் ஒரு காலிப் பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, நிரல் வரிகளைத் தட்டச்சு செய்து உடனே விடை பார்க்கும் கன்சோல் பகுதிக்குப் போங்கள். ஜாவாஸ்கிரிப்டில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். 2015இல் வந்த அம்புக்குறி எழுத்துமுறையில் ஆங்கிலச் சொல்லே தேவைப்படாது என்பதால், கீழே உள்ளதை அப்படியே தட்டச்சு செய்யலாம்.

படி 1: பெயர் வைத்து எழுதுவது

பரப்பு = (நீளம், அகலம்) => நீளம் * அகலம்

பரப்பு(20, 15)

முகப்பு 20 அடிக்கு 15 அடி என்றால் விடை 300 சதுர அடி. இனி எந்த அறைக்கும் 'பரப்பு' என்று கூப்பிட்டால் போதும்.

படி 2: பெயரை எடுத்துவிடுவது

((நீளம், அகலம்) => நீளம் * அகலம்)(20, 15)

இப்போதும் 300தான். ஆனால் வேலை முடிந்ததும் அந்த ஃபங்ஷனை மறுபடி கூப்பிட வழியில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுபவரை "தம்பி, இங்கே கொஞ்சம் சாம்பார்" என்று கூப்பிட்டாலே வேலை நடந்துவிடும். மறுநாளும் அவரே வேண்டுமென்றால்தான் பெயர் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 3: ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுப்பது

பெயரில்லாத ஃபங்ஷனின் அருமை இங்கேதான் தெரியும். நிதானமாகப் படியுங்கள்.

ஒரு சதுர அடி என்பது 144 சதுர அங்குலம். 8 அங்குலக் கல் (8க்கு 8 சதுரம்) ஒன்று 64 சதுர அங்குலம் அடைக்கும். ஆக சதுர அடிக்கு 2.25 கல். 10 அங்குலக் கல் என்றால் 1.44. கல்லின் அளவுக்கு ஏற்ப விதி மாறும், மற்றபடி கணக்கு ஒன்றுதான். மாறுகிற அந்த விதியை மட்டும் வெளியிலிருந்து கொடுப்போம்:

கல்கணக்கு = (நீளம், அகலம், விதி) => விதி(பரப்பு(நீளம், அகலம்))

கல்கணக்கு(20, 15, சதுரடி => சதுரடி * 2.25)

விடை 675. அடுத்து 10 அங்குலக் கல்:

கல்கணக்கு(20, 15, சதுரடி => சதுரடி * 1.44)

விடை 432. விதி அந்த வரியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது, தேடிப் போக வேண்டியதில்லை. ஒரே வரி, ஒரே தடவை என்றால் பெயரில்லாமல் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

படி 4: அதே விதி மறுபடி வந்தால்

முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் 8 அங்குலக் கல்தான் என்றால் விதிக்குப் பெயர் வையுங்கள்:

எட்டங்குலம் = சதுரடி => சதுரடி * 2.25

கல்கணக்கு(20, 15, எட்டங்குலம்)

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு 'எட்டங்குலம்()' என்று கொடுத்தால், ஃபங்ஷன் அங்கேயே ஓடி முடிந்துவிடும். கல்கணக்கின் கைக்கு ஃபங்ஷன் போகாது, அது தந்த விடைதான் போகும். 'விதி' ஒரு ஃபங்ஷனே இல்லை என்று சிவப்பில் பிழை வரும். ஒரு முறை வேண்டுமென்றே செய்து பாருங்கள்.

படி 5: ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றல்ல

(அ => அ * 2) === (அ => அ * 2)

நடுவில் உள்ள மூன்று சமக்குறி, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்கிறது. விடை ஃபால்ஸ், அதாவது இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டு தனித்தனி ஃபங்ஷன்கள். ஆனால் 'எட்டங்குலம் === எட்டங்குலம்' என்று கேட்டால் ட்ரூ, அதாவது ஆம் என்று வரும். வலைப்பக்கத்தில் ஒரு பட்டனுக்குப் பெயரில்லாத ஃபங்ஷனை மாட்டிவிட்டு, பிறகு அதையே திரும்ப எழுதிக் கழற்றப் பார்த்தால் கழலாமல் போவது இதனால்தான். கழற்ற வேண்டி வரும் என்று தெரிந்தால் முதலிலேயே பெயர் வைத்துவிடுங்கள்.

பிழை தேடும்போதும் பெயர் கைகொடுக்கும். கூப்பிட்ட வரிசையை உலாவி காட்டும்போது 'எட்டங்குலம்' என்று பெயரோடு வரும். பெயரில்லாதவை எல்லாம் 'அனானிமஸ்' என்றே வரும். நிரல் நீளமானால் எந்த அனானிமஸ் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அப்புறம், ஃபைலில் எழுதும்போது பெயருக்கு முன்னால் 'கான்ஸ்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும். கன்சோலில் பழகத்தான் அதை விட்டேன். 'ஃபங்ஷன்' என்ற சொல்லோடு தொடங்கி எழுதும் பழைய முறையும் உண்டு. அதில் எழுதியதை, அது எழுதப்பட்ட வரிக்கு மேலே இருந்துகூடக் கூப்பிடலாம். நம் அம்புக்குறி முறையில் முடியாது.

சரி, நீங்களே ஒன்று செய்யுங்கள். வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றிய தாழ்வாரத்தில் ஒரு பக்கம் 40 அடி நீளம், 6 அடி அகலம். 10 அங்குலக் கல். உடைசலுக்கு 100க்கு 5 கல் கூடுதல், அதாவது 1.05ஆல் பெருக்க வேண்டும். விதியை முதலில் பெயரில்லாமல் எழுதுங்கள், பிறகு பெயர் வைத்து எழுதுங்கள். இரண்டிலும் 362.88ஐ ஒட்டிய எண் வந்தால் சரி. பட்டறையில் 363 கல் என்று சொல்லலாம்.