முதல் மாரத்தானுக்கு பேர் கொடுத்தாச்சா? மொதல்ல மெதுவா ஓடப் பழகுங்க

பேர் கொடுத்த அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. 42.195 கிலோமீட்டர்ங்கற நம்பர் கண்ணுலயே நிக்கும், காலைல எழுந்த உடனே நம்மால முடியுமான்னு ஒருவாட்டி வேகமா ஓடிப் பாத்துடலாம்னு தோணும், தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க.

ஏற்கனவே வாரத்துக்கு 3, 4 நாள் ஓடி, 8-10 கிலோமீட்டர் பெருசா சிரமமில்லாம முடிக்கறவங்களா இருந்தா 16லேர்ந்து 20 வாரம் போதும். அந்த நிலைமைக்கு இன்னும் வரலைன்னா அதுக்கே சில மாசம் ஒதுக்குங்க, அவசரமே இல்ல. இதயத்துல, சர்க்கரைல ஏதாவது பிரச்சனை இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

வாரத்துல நாலு நாள் ஓட்டம், அதுல மூணு நாள் சின்ன தூரம், ஒரு நாள் லாங் ரன். சின்ன ஓட்டம், லாங் ரன் எல்லாமே பக்கத்துல ஓடறவங்ககூட மூச்சு வாங்காம முழு வாக்கியமா பேசிட்டே போற வேகத்துல இருக்கணும். இவ்ளோ மெதுவா ஓடி என்ன ஆகப்போகுதுன்னுதான் எனக்கும் தோணுச்சு. ஆனா விஷயம் என்னன்னா, மூச்சும் இதயமும் சில வாரத்துலயே தேறிடும், எலும்பும் தசைநாரும் பலமாக மாசக்கணக்குல ஆகும். மூச்சு நல்லாருக்குன்னு நாம வேகத்தை ஏத்துவோம், கால் இன்னும் தயாராகியிருக்காது. எனக்கு ரெண்டாவது மாசம் முழங்காலுக்குக் கீழ முன்னெலும்புல வலி வந்து ரெண்டு வாரம் ஓடவே முடியல, அந்த ரெண்டு வாரமும் ஜன்னல் வழியா ரோட்டைப் பாத்துட்டே இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. ஓட ஓட வலி கூடிட்டே போனாலோ, ஒரே இடத்துல குத்துனாலோ நிறுத்திடுங்க.

லாங் ரன் 12 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு வாரா வாரம் ஒன்றரை, ரெண்டுன்னு ஏத்துங்க, மூணு நாலு வாரத்துக்கு ஒருதடவை நல்லா குறைச்சு உடம்புக்கு மூச்சு விட இடம் கொடுங்க. ஒண்ணு ரெண்டு தடவை 29-32 தொட்டா போதும். முழு 42ஐயும் பயிற்சில ஓடிப் பாக்கணும்னு அவசியமே இல்ல, அதுலேர்ந்து தேறி வரவே நாளாகும். நடுவுல நடக்கறதும் தப்பில்ல.

30 கிலோமீட்டர்கிட்ட "சுவர்" வரும்னு, அதாவது சுவர்ல மோதுன மாதிரி திடீர்னு சக்தி தீர்ந்து போயிடும்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது வெறும் மனசு சம்பந்தப்பட்டது இல்ல. 60 கிலோ எடை இருக்கறவருக்கு மொத்த தூரத்துக்கும் சுமார் 2500 கலோரி தேவை, ஆனா உடம்புல கிளைக்கோஜனா, அதாவது தசையிலயும் கல்லீரல்லயும் இருக்கற மாவுச்சத்து இருப்பா, சேமிச்சு வச்சிருக்கறது 2000 கிட்டதான். அதனால மணிக்கு 30லேர்ந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும், ஓடறவங்களுக்குன்னு பாக்கெட்ல வர்ற எனர்ஜி ஜெல்லோ பழமோ உங்க வயித்துக்கு ஒத்துக்கறது எதுவோ அது. பசி எடுக்கற வரைக்கும் காத்திருக்காம முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளயே ஆரம்பிங்க, அதை லாங் ரன்லயே சாப்பிட்டுப் பழகுங்க, வயித்துக்கும் பயிற்சி வேணும். தண்ணி தாகத்துக்குக் குடிங்க. பயத்துல வெறும் தண்ணியா குடிச்சிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். வலி மாத்திரை போட்டுட்டு ஓடறதும் வேணாம், கிட்னிக்கு நல்லதில்ல.

ஷூ கொஞ்சம் பெருசா இருக்கட்டும், ஓட ஓட பாதம் வீங்கும். உரசற இடத்துலல்லாம் வாஸ்லின் தடவுங்க.

இப்போ கடைசி மூணு வாரம், டேப்பர். தூரத்தைப் படிப்படியா குறைக்கணும், அவ்ளோதான், ஆனா மொத்தப் பயிற்சிலயும் இதுதான் கஷ்டம்னு நான் சொல்லுவேன். கால் கனமா இருக்கும், இதுவரைக்கும் வலிக்காத முட்டி திடீர்னு வலிக்கும், யாராவது பக்கத்துல தும்முனா பயம் வரும், எல்லாம் மறந்துபோச்சோன்னு ஒரு 25 ஓடிப் பாத்துடலாமான்னு மனசு அரிக்கும். ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும். இந்த மூணு வாரத்துல புதுசா பலம் எதுவும் பெருசா சேராது, ஏற்கனவே பட்ட பாடுதான் உள்ள பலமா மாறிட்டிருக்கும், அதுக்கு இடைஞ்சல் பண்ணாதீங்க. அந்த படபடப்பை வேற வேலைல செலவு பண்ணுங்க, ரூட் மேப்பை பாருங்க, தண்ணி எங்கெங்க கிடைக்கும்னு பாத்து வைங்க, டிரெஸ்ல நம்பரை முந்தின நாளே குத்தி வச்சிடுங்க. கடைசி ராத்திரி தூக்கம் வரலைன்னா கவலைப்படாதீங்க, அதுக்கு முந்தின ராத்திரிகள்ல நல்லா தூங்கியிருந்தா சமாளிச்சிடலாம்.

மாரத்தான் அன்னிக்கு புது ஷூ, புது சாக்ஸ், புது சாப்பாடு எதுவும் வேணாம். முதல் 5 கிலோமீட்டர்ல எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவாங்க, விடுங்க, நெனச்ச வேகத்தைவிட கிலோமீட்டருக்கு 10-15 செகண்ட் மெதுவாவே போங்க. 30க்கு அப்புறம் அடுத்த தண்ணி மேஜை வரைக்கும் மட்டும் யோசிங்க, அங்க போனதும் அதுக்கு அடுத்தது. நெஞ்சு வலியோ தலைசுத்தலோ வந்தா உடனே நின்னு உதவி கேளுங்க.

முடிவுக் கோட்டைத் தாண்டுனதும் அழுகை வரலாம், எனக்கு வந்துச்சு. உடனே உக்காந்துடாதீங்க, ஒரு பத்து நிமிஷம் மெதுவா நடந்துட்டே இருங்க, அப்புறமா ஏதாவது சாப்பிடுங்க. அடுத்த ரெண்டு நாள் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க.